பந்தயக் கார் செய்பவர்களுக்கு வருகைப்பதிவில் சலுகை வேண்டுமா?

அல்சூர்க்காரர்:
பெங்களூரில் என் மகன் படிக்கும் பொறியியல் கல்லூரியில் புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறது. பந்தயக் கார் அணிக்கு இனி வருகைப்பதிவில் சலுகை கிடையாதாம். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழக விதிப்படி எல்லோருக்கும் 85 சதவீதம். மாணவர்களே செய்த பந்தயக் கார்களுக்காகக் கோவை கரி பந்தயத் தளத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகப் பாதிக் காரைச் செய்து முடித்திருக்கிறார்கள். இது நியாயமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
நியாயம்தான் ஐயா. சலுகை கேட்டு என் மேசைக்கு வந்த பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்வது ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் அணிச் சட்டை போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்பவர்கள். வெப்பப் பரிமாற்ற ஆய்வகத்துக்கே வராத பையனுக்கு நான் எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது?

பட்டறைவாசி:
மேடம், நான் வேறொரு கல்லூரியின் அணியில் இருக்கிறேன். பெட்ரோல் காரில் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் 22 கிலோமீட்டர் ஓட்டம். சென்ற முறை எங்கள் காரில் மூன்று சக்கரங்கள் நின்றன, பின்பக்க இடது சக்கரம் மட்டும் உருண்டுகொண்டே இருந்தது. பிரேக் குழாயில் காற்று. திரவத்தை வடித்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றோம். இதை எந்த வகுப்பறை கற்றுக்கொடுக்கும்?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
பிரேக் திரவம் வடிப்பதை ஜே.சி. ரோட்டில் எந்த மெக்கானிக்கும் உங்களைவிட வேகமாகச் செய்வார், தம்பி. காற்று புகுந்தால் பெடல் ஏன் தொய்கிறது என்று எழுதிக் காட்டுபவர்தான் பொறியாளர்.

பட்டறைவாசி:
காற்று அமுங்கும், திரவம் ஏறக்குறைய அமுங்காது. காலால் கொடுக்கும் அழுத்தம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். இந்தக் கேள்வியைத் தேர்வில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர்கள் போட்டியின் வடிவமைப்பு நடுவர்கள்.

கே.ஜி.எஃப். மாமா:
கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

விடுதிப் பெண்:
மாமா, மின்சாரக் காரில் பாதி வேலை அதுதான். நான் அதில்தான் இருக்கிறேன்.
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். பகலில் சலுகை இல்லையென்றால் பட்டறை வேலை இரவுக்குத் தள்ளிப்போகும். எங்கள் விடுதிக் கதவு எட்டரைக்கு மூடிவிடும். பையன்கள் விடுதியில் கேட்க ஆளில்லை. பேட்டரிப் பெட்டியின் மின்சுற்றை வரைந்தவள் நான். அதைப் பொருத்திய இரவில் நான் அறையில் உட்கார்ந்து தொலைபேசியில், “சிவப்புக் கம்பி இல்லை, ஆரஞ்சு” என்று கத்திக்கொண்டிருந்தேன். இந்தச் சுற்றறிக்கை நிலைத்தால் பெண்கள் அணிப் பட்டியலில் பெயருக்கு மட்டுமே இருப்பார்கள்.

அல்சூர்க்காரர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, அம்மா. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதையும் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
கேளுங்கள். ஆனால் விடுதிக் காப்பாளரிடம் நடத்த வேண்டிய சண்டைக்கு என் வகுப்பை ஏன் பலியிட வேண்டும்? தகுந்த காரணம் இருந்தால் 10 சதவீதம் வரை குறைவை மன்னிக்கப் பல்கலைக்கழக விதியிலேயே இடமுண்டு. போட்டி நடக்கும் வாரத்துக்கு அது போதும்.

பட்டறைவாசி:
போட்டி ஒரு வாரம்தான் மேடம். காரைச் செய்வது எந்த வாரத்தில்?