புதுப்பிப்பு: லினக்ஸ் மின்ட் நிறுவல் பாதியில் நின்றதற்குக் காரணம் ராம் (நினைவகம்) ஸ்லாட்

காசிமேட்டு வீட்டு டெஸ்க்டாப்பில் மின்ட் இயங்குதளத்தை நிறுவும்போது, கோப்புகள் நகலாகும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வருவதாக எழுதியிருந்தேன். பென்டிரைவைச் சந்தேகித்தீர்கள். ஐஎஸ்ஓவின் (நிறுவல் கோப்பின்) ஷா256, அதாவது கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், சரியாகப் பொருந்தியது, வேறு பென்டிரைவிலும் பிழை போகவில்லை.

பிழை இப்படி இடம் மாறி மாறி வந்தால் முதலில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டுங்கள். 4 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டையும் தனித்தனியாக, ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் சிவப்புப் பிழை வரிகள்தான். அப்படியென்றால் ஸ்டிக் நல்லது, ஸ்லாட்டின் தொடர்பு முனைதான் கெட்டிருக்கிறது. கடலோர உப்புக்காற்றில் இது அடிக்கடி நடக்கும்.

பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்திவிட்டு, 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஸ்டிக் முனைகளையும், மென்மையான பிரஷ்ஷால் ஸ்லாட்டையும் துடைத்தேன். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கவே வேண்டாம். தங்கப்பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டில் அடையும். நன்றாகக் காய்ந்தபின் மெம்டெஸ்ட் 4 பாஸ் (முழுச் சுற்று), பிழை 0.

பழைய அரைகுறை நிறுவலைத் தொடராதீர்கள். கெட்ட ஸ்லாட் வழியாக நகலான கோப்பை நம்ப முடியாது. அந்த நிறுவல் இருக்கும் பார்ட்டிஷனை (வட்டுப் பகுதியை) அழித்துப் புதிதாகவே நிறுவுங்கள். பெட்டி திறந்திருக்கும்போதே கணினிக் கடிகாரத்துக்கான சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்: கடிகாரம் பின்தங்கினால் அப்டேட் மறுக்கும்.