மலை ஆய்விதழுக்கு நல்ல கட்டுரைகள் வர பதிப்பகம் என்ன செய்யலாம்?

கோத்தகிரி பதிப்பாளர்:
வணக்கம். கோத்தகிரியில் சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய ஆய்விதழ் ஒன்றை ஒரு சங்கத்துக்காக வெளியிடுகிறோம். பதவி உயர்வுக்காக அவசரமாக எழுதிய கட்டுரைகள்தான் நிறைய வருகின்றன. சோலையிலும் புல்வெளியிலும் வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் எங்களுக்கு அனுப்புவதில்லை. மதிப்பீடு சங்கத்தின் பொறுப்பு. பதிப்பகத்தின் பக்கம் நான் என்ன செய்யலாம்?

ஊட்டி புல்வெளி:
அப்பர் பவானி பக்கம் சீகை (வாட்டில்) என்ற அந்நிய மரத்தை வெட்டிய இடங்களில் புல் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. கட்டுரை அனுப்பும்போது எனக்கு முதல் கவலை, பதில் எப்போது வரும் என்பதுதான். ஒரு இதழ் என் கட்டுரையை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, "எங்கள் துறைக்குள் வராது" என்று திருப்பியது. அதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம். அந்த முதல் பார்வைக்கும், மதிப்பீட்டாளர்களை விடாமல் நினைவூட்டவும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வையுங்கள். அது பதிப்பகத்தால் முடிகிற காரியம். கட்டுரை வந்த தேதி, ஏற்ற தேதி இரண்டையும் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கோவையிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா' அப்படித்தான் செய்கிறது. அதைப் பார்த்தாலே எழுதுபவருக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம், படங்கள். புல்லின் கதிரைக் கறுப்பு வெள்ளையில் மங்கலாகப் போட்டால் இனத்தை எப்படி அடையாளம் காண்பது?

இன்னொன்று, நல்லவர்களை நீங்களே தேடிப் போய்க் கேட்க வேண்டும். நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. அதற்கான சிறப்பிதழை இப்போதே அறிவித்தால், களத்தில் இருப்பவர்கள் அதை மனதில் வைத்தே தரவு சேர்ப்பார்கள்.

கொடைக்கானல் வாசகர்:
தேதியும் படமும் சரி. பழைய இதழ்களையும் கவனியுங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் இங்குள்ள சூரிய ஆய்வகத்தின் புல்லெட்டினில் எழுதினார். அந்தப் புல்லெட்டின்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் கட்டுரையைக் கண்டுபிடிக்க உதவும் நிரந்தர அடையாள எண்) வாங்குங்கள். தேடினால் கிடைக்காத இதழில் யார் எழுதுவார்கள்?

கோத்தகிரி பதிப்பாளர்:
இருவருக்கும் நன்றி. அடுத்த இதழிலிருந்தே தேதி போடுகிறோம். இணையப் பதிப்பில் கலர் படத்துக்குக் கூடுதல் செலவும் இல்லை. குறிஞ்சி இதழுக்கு விருந்தினர் ஆசிரியராகத் தாவரவியலாளரைக் கேட்பதா, தேனீக்களை ஆராய்பவரையா?

ஊட்டி புல்வெளி:
இரண்டு பேரையும் கேளுங்கள். பூவை மட்டும் பார்த்தால் பாதிக் கட்டுரைகள் வராது.