சைலோ ஓவியப் பாதையில் மோட்டார்ஹோம்: போய் வந்தவர்களின் குறிப்புகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், விம்மெரா–மல்லி கோதுமை நாட்டின் தானியக் குதிர்கள் (சைலோ) மேல் பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். அந்த ஊர்களை இணைக்கும் இந்தப் பாதை மொத்தம் சுமார் 200 கி.மீ.தான். காரில் ஒரே நாளில் முடித்துவிடலாம். மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வண்டி) என்றால் மூன்று இரவாவது ஒதுக்குங்கள். மெல்பர்னிலிருந்து பாலரட், ஸ்டாவெல் வழியாக முதலில் ரூபன்யப். பிறகு ஷீப் ஹில்ஸ், பிரிம், ரோஸ்பெரி, லாசெல்ஸ், பாட்சிவொல்லாக்.

இந்தக் குதிர் ஓவியங்கள் முதலில் தொடங்கியது பிரிமில்தான். 1939இல் கட்டிய, 30 மீட்டர் உயரக் கான்கிரீட் குதிர்களில் கைடோ வான் ஹெல்டன் நான்கு விவசாயிகளை வரைந்து 2016 ஜனவரியில் முடித்தார். அதைப் பார்க்க வண்டிகள் வரத் தொடங்கிய பிறகுதான் மற்ற ஊர்களும் சேர்ந்தன. ஷீப் ஹில்ஸில் அட்னேட் வரைந்த பூர்வகுடிப் பெரியவர்களும் சிறுவர்களும், பின்னால் இரவு வானம். ஆறில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அங்கே போங்கள். ரூபன்யப்பில் ஜூலியா வோல்ச்கோவா வரைந்தது எஃகுக் குதிர், கொஞ்சம் குட்டை. எதுவானாலும் குதிரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி நின்று படமெடுங்கள். கிட்டப் போய் அண்ணாந்து எடுத்தால் முகம் மேலே குறுகிப்போகும்.

*

வரிசை சரி சார். ஹோப்டவுனை மட்டும் விட்டுவிட்டீர்கள். லாசெல்ஸ் ஊர் அதற்குக் கிழக்கே, பாட்சிவொல்லாக் வடமேற்கே. ஹோப்டவுனில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் போவதுதான் வசதி. தங்க ஏரிக்கரை இருக்கிறது. அதன் பெயர் லேக் லாசெல்ஸ், ஆனால் இருப்பது ஹோப்டவுனில்! ஜிபிஎஸ்ஸில் வெறுமனே 'லாசெல்ஸ்' என்று போட்டால் வேறு ஊரில் குதிர் முன்னால் போய் நிற்பீர்கள்.

ரூபன்யப் பக்கத்திலேயே மர்டோவா. அங்குள்ள ஸ்டிக் ஷெட்டைப் பார்க்காமல் வராதீர்கள். போர்க்காலத்தில் ஏற்றுமதி நின்று கோதுமை குவிந்தபோது, 1941–42இல் அவசரமாகக் கட்டிய தானியக் கொட்டகை. ஏறக்குறைய 270 மீட்டர் நீளம், உள்ளே 560 மரக்கம்பங்கள், எல்லாம் இழைக்காத முழு மரம். ஓவியம் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் பல குதிர்களைவிட இதுதான் ஒரு படி மேல்.

*

வண்டி ஓட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே கிளைச்சாலைகள் பலவற்றில் தார் ஒரு வண்டி அகலம்தான். எதிரே தானிய லாரி வந்தால் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு இடப்பக்கச் சக்கரங்களை மண் ஓரத்தில் இறக்குங்கள். வேகத்தோடு இறக்கினால் சரளையில் பின்பக்கம் இழுக்கும். லாரி முழுவதுமாகத் தாரிலேயே போனால்தான் உங்கள் கண்ணாடிக்குக் கல் தெறிக்காது. மழைக்குப் பின் அந்த ஓரம் களிமண் சேறாகிவிடும். அப்போது சாலை அகலமான இடத்திலேயே நின்று வழிவிடுவது நல்லது. அந்தி சாய்ந்தால் கங்காருக்கள். ஐந்து மணிக்கே நிறுத்திவிடுங்கள்.

நவம்பர், டிசம்பர் அறுவடைக்காலம். ஓவியம் இருக்கிறது என்பதற்காகக் குதிர் காட்சிக்கூடம் ஆகிவிடாது. பல இடங்களில் தானியம் இறங்கிக்கொண்டிருக்கும், லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வேலியைத் தாண்டாதீர்கள், லாரி திரும்பும் வளைவில் நிறுத்தாதீர்கள், தண்டவாளத்தின் மேல் நின்று படமெடுக்காதீர்கள். கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் மஞ்சளாகப் பூப்பது செப்டம்பர் வாக்கில். பயணத்துக்கு அதுவே நல்ல நேரம். வயலுக்குள் மட்டும் இறங்க வேண்டாம். செருப்பில் ஒட்டிவரும் களைவிதை ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும்.

*

கழிவறைப் பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், யாரும் வெட்கப்பட வேண்டாம். வண்டிக் கழிவறையின் அடியில் கழிவு சேரும், கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி சுமார் 18 லிட்டர். இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும், நான்காம் நாளை நம்பாதீர்கள். டம்ப் பாயின்ட்டில் (இந்தக் கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள இடம்) பெட்டியின் மூக்குக்குழாயை வெளியே திருப்பி, மூடியைக் கழற்றி, ஊற்றும்போது காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் உள்ளே காற்று போக வழியில்லாமல் குடுக் குடுக்கென்று துப்பும், காலெல்லாம் தெறிக்கும். பெட்டி நிமிர்ந்திருக்கும்போது பொத்தானைத் தொடாதீர்கள், ஊற்றச் சாய்த்த பிறகுதான். இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசி, இரண்டு லிட்டர் தண்ணீரோடு கழிவறைப் பெட்டிக்கான மருந்தை ஊற்றி மூடுங்கள். பூங்காக் கழிப்பறையில் கொட்டினால் அங்குள்ள செப்டிக் தொட்டியில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவை அந்த மருந்து கொன்றுவிடும். பிறகு ஊருக்கே தலைவலி.

குடிநீரிலும் கவனம் வேண்டும். இந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் வந்த திறந்த கால்வாய்களை மூடிக் குழாய் போட்ட பெரிய வேலை 2010இல் முடிந்தது. ஆனாலும் குழாய்க்கு மேலுள்ள பலகையைப் படிக்காமல் தொட்டியை நிரப்பாதீர்கள். பல இடங்களில் அந்தத் தண்ணீர் செடிக்கு மட்டும்.

*

அண்ணா, மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார்ஹோம் பிளக் 15 ஆம்ப், எர்த் பின் அகலம். வீட்டு 10 ஆம்ப் சாக்கெட்டில் நுழையாது. அரத்தால் ராவி நுழைக்கிறார்கள் சிலர், வயர் சூடேறி உருகுவது அதனால்தான். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சரிந்து நின்றால் குளிராது. சமதளம் பார்த்து நிறுத்துங்கள், தேவைப்பட்டால் சக்கரத்தடி ஆப்பு வையுங்கள். டீசல் போடும் முன் அந்த கேஸ் சுடரை அணைத்தாக வேண்டும். கோடையில் முழுத் தீத்தடை அறிவிக்கும் நாட்களில் வெளியே அடுப்புப் பற்றவைக்கும் முன் விதியைப் பாருங்கள். விம்மெராவும் மல்லியும் வெவ்வேறு தீ மாவட்டங்கள், ஒன்றில் தடை இருந்து மற்றதில் இல்லாமலும் போகலாம்.

டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனத்தின் சிம் இருந்தால் ஊர்களில் சிக்னல் கிடைக்கும், இடைவெளியில் போய்விடும். வரைபடத்தை முன்னாடியே இறக்கிக்கொள்ளுங்கள்.

*

ஒரே ஒரு சேர்க்கை. நேரமிருந்தால் சீ லேக் வரை போங்கள். டிராப்ல், ஸூகீப்பர் இருவரும் 2019இல் வரைந்த, மரக்கிளையில் ஊஞ்சலாடும் சிறுமி அங்கே. பக்கத்தில் டிரல் உப்பேரி. கரையோடு நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மேலே உப்பு காய்ந்து தரை கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு. வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும்.

அங்கிருந்து தென் ஆஸ்திரேலியாவுக்குத் தொடர்கிறவர்கள் எல்லை தாண்டியதும் பின்னரூவில், பழ ஈ பரவாமல் தடுக்க வைத்திருக்கும் பழப் பரிசோதனை நிலையத்தில் நிற்க வேண்டும். வண்டியில் இருக்கும் தக்காளி, ஆப்பிள், மிளகாய் எல்லாவற்றையும் முந்தின இரவே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் அடித்தட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறந்த எலுமிச்சை எப்போதும் அங்கேதான் கிடக்கும்.