பச்சை இலைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே ஓவியராக முடியுமா?

மூடுபனி_கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) எங்கள் ஊர். வயது 24. பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு, ஈரத்துக்குக் கழிவு பிடித்து, சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கழிவு பிடிக்கும்போது எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள். பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்துவிடும். அப்போது தப்பாக எழுதிக் கிழித்த சீட்டுகளின் பின்பக்கத்தில் பேனாவால் வரைவேன். சாக்கு மூட்டை மேல் தூங்கும் லோடுமேன், தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கும் பாட்டி, இப்படி.

வீட்டில் வரைவது வாட்டர்கலர். மலை, மூடுபனி, ஹட்டி வீடுகளின் ஓட்டு வரிசை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு நிக்கானும் இருக்கிறது. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நான் எடுத்த படங்களைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதோடு சரி.

அப்பா "டிராயிங் டீச்சர் பரீட்சை எழுது" என்கிறார். சித்தப்பா "வேலையை விடு, சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்" என்கிறார். அவருக்கென்ன, ஃபீஸ் கட்டப்போவது அவர் இல்லையே. இதற்கு நடுவே குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் அறைகளுக்கு 12 ஓவியம் கேட்கிறார்கள். பணம் கிடையாதாம். பெயர் நாலு பேருக்குத் தெரியுமாம், அப்பா அம்மாவுக்கு இரண்டு நாள் இலவசமாக அறை தருவார்களாம்.

இதில் சோறு சாப்பிடுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு எப்படிப் போனீர்கள்? முதல் காசு எப்படி வந்தது? பிரஷ், கேமரா இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

சும்மா_ஒருவன்:

ஏஐ-யிடம் "ஊட்டி, தேயிலைத் தோட்டம், மூடுபனி" என்று தட்டினால் பத்து வினாடியில் நாலு ஓவியம் வருகிறது. வேலையை விடாதீர்கள். கேட்டதால் சொன்னேன், கோபிக்க வேண்டாம்.

இருட்டறை:

தம்பி சொல்கிற படங்களை நானும் பார்த்திருக்கிறேன். பறிக்கிற பெண் கண்ணில் மையோடு, இடுப்பில் பூக்கூடை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு சிரிப்பாள். இங்கே இப்போது பாதிப்பேர் கத்தரி வைத்து வெட்டுகிறார்கள் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

மூடுபனி, உன் வயதில் எனக்கு ஒரு பையன் இருக்கிறான், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

எனக்கு 57. ஊட்டி. அப்பா இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் இருந்தார். உன் வயதுக்காரர்களுக்கு அது தெரிந்திருக்காது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், பிரிண்ட் போடும் பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்துதான் போயின. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் இந்த மலைக்கு வந்தார்கள். அப்பாவுக்கு வேலை முழுக்க இருட்டில். வீட்டிலும் ராத்திரி விளக்குப் போடாமல் நேராகப் போய்த் தண்ணீர்ச் செம்பை எடுப்பார், ஒரு சாமான் உருளாது.

பத்தாவது முடித்ததும் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் என்னைச் சேர்த்துவிட்டார். மூன்று வருடம் கேமராவைத் தொடவிடவில்லை. டிரே கழுவுவது, பிரிண்டைக் காயப்போடுவது, அப்புறம் டச்சிங். நெகட்டிவைப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேஜையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியைத் தூர்க்க வேண்டும். பிரிண்டில் கறுப்பாக விழும் குழி நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அதன் மேல் பென்சில் மெல்லப் படிந்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்து வரும். ஒரு தீற்றல் கூடினால் ஆளுக்குப் பத்து வயது குறைந்துவிடும், படம் வாங்க வந்த மனைவியே "இது யாருங்க?" என்பார். ஒரு நாளைக்கு முப்பது முகம். முகத்தில் வெளிச்சம் எங்கே விழுந்து எங்கே நிற்கிறது என்று அந்த மேஜையில்தான் படித்தேன். சம்பளம் கொடுத்துப் படிக்கவைத்த கல்லூரி.

பிறகு கல்யாணம், காதுகுத்து, ஸ்கூல் குரூப் போட்டோ. பதினைந்து வருடம் எனக்கென்று ஒரு படம் எடுத்ததில்லை.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுவார்கள், தெரியும்தானே? அங்கே ஒரு வியாபாரி மகள் கல்யாணத்துக்கு ஆல்பம் கொடுக்கப் போனேன். விடியற்காலை நாலு மணி, பல்ப் வெளிச்சம், ஐஸ் தண்ணீர், முழங்கால்வரை சேறு, அதற்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குவியல். கழுவுகிறவர் கையைத் தூக்கிக் காட்டினார், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் போனேன். முதல் ஆறு மாதம் எடுத்ததெல்லாம் டூரிஸ்ட் படம். அவர்கள் என்னை மறந்து, திட்டிக்கொண்டும் பீடி பிடித்துக்கொண்டும் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் படம் வந்தது.

குன்னூரில் ஒரு சின்ன கஃபேயில் சுவர் கேட்டு 18 படம் மாட்டினேன். மூன்று விற்றது. அதில் ஒன்றை வாங்கியது அந்த வியாபாரி. செத்துப்போன அவர் அண்ணன் அதில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் ஒரு விதை கம்பெனி காலண்டர் வேலை வந்தது, அதைப் பார்த்து அடுத்தது. எட்டு வருடமாக பைக்காரா அருவி எடுத்து வைத்திருந்தேன், அதற்காக ஒருத்தரும் போன் செய்யவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். உன் மூடுபனி வாட்டர்கலர் நன்றாகவே இருக்கும், ஆனால் அதை வரைய இந்த மலையில் ஐநூறு பேர் இருக்கிறார்கள். தராசுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டே வரைகிற ஆள் நீ ஒருத்திதான். அந்தச் சீட்டுகளை எடுத்து வெளியே வை. வேலையை இப்போதைக்கு விடாதே. சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. விட்டால் அந்த நாற்காலியும் போய்விடும்.

இன்றும் என் வருமானத்தில் முக்கால்வாசி கல்யாணமும் ரிசார்ட் அறைகளும்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் ஏ.டி.டபிள்யூ. பென். பழைய நீலகிரி என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களில் பல அவர் எடுத்தவை. அவரும் ஆட்களை உட்காரவைத்து போர்ட்ரெய்ட் எடுத்தவர்தான்.

பிரஷ், கேமரா இரண்டையும் வைத்துக்கொள். யாராவது "என்ன செய்றீங்க?" என்று கேட்டால் மட்டும் ஒன்றைச் சொல். இரண்டு சொன்னால் இரண்டும் ஞாபகம் இருக்காது.

நிக்கான் என்றதும் ஒன்று. ஜூன் வந்தால் லென்ஸை பீரோவில் துணிக்கு நடுவே வைக்காதே. தோல் உறை இன்னும் மோசம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். என் 85 எம்எம் லென்ஸ் அப்படித்தான் போனது, உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும்.

வட்டக்கானல்_டீச்சர்:

இருட்டறை அண்ணன் கல்லூரிப் பேச்சையே எடுக்கவில்லை, அதனால் நான். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். இப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை.

கல்லூரி எனக்குக் கொடுத்தது நேரம். ஒரே ஆளை எதிரே உட்காரவைத்து வாரக்கணக்கில் வரைய வெளியில் யார் விடுவார்கள்? அப்புறம், "இது பார்த்துப் போட்ட கோடு இல்லை, பழகிப்போன கோடு" என்று முகத்துக்கு நேரே சொல்ல நாலு சீனியர்கள். ஒரு படத்துக்கு என்ன விலை சொல்வது, பில் எப்படி எழுதுவது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. சேர்வதற்கு வரைந்து காட்டும் தேர்வு உண்டு, உங்கள் சீட்டுகள் அதற்கு நல்ல பயிற்சி.

24 வயது தாமதம் என்று நினைக்காதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936-ல் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் சேரும்போது அவருக்கு 25. பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வர் ஆனார். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அவர் தொடங்கியபோது, அங்கிருந்தவர்கள் பாட்டிக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய) துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் படம் வரைந்தார்கள். ஓவியம் மட்டும் அன்றைக்கும் சோறு போடவில்லை.

அப்பா சொல்வதையும் தட்டாதீர்கள். லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைகளை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். ஆனால் டீச்சர் வேலை என்றால் ஓவியம் வரைய நேரம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். ஆண்டு விழா வந்தால் மேடைக்குப் பின்னால் தெர்மாகோல் வெட்டுகிறவள் நான்தான்.

விற்கும் எண்ணம் இருந்தால் வண்ணத்தைப் பாருங்கள். என் முதல் விற்பனை ஒரு காட்டுப் பூவரசு மரம், பூவெல்லாம் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு. வாங்கியவர் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார். இரண்டு வருடம் கழித்துப் போனால் மரம் இருக்கிறது, பூவைக் காணோம். வெளிறி, டீ சிந்தின கறை மாதிரி ஒரு நிறம். அவர் ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்தார், அதுதான் தாங்கவில்லை. வேறு ஒன்று வரைந்து கொடுத்தேன். இப்போது எந்த ட்யூப் வாங்கினாலும் ஒரு பட்டை தீற்றி, பாதியை அட்டையால் மூடி, வெளிச்சத்தில் நிறம் நிற்கிறதா என்று பார்க்க மூன்று மாதம் தெற்கு ஜன்னலில் ஒட்டிவைத்து விடுகிறேன்.

இன்னொன்று. உங்கள் கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் பழங்குடியினர் வேங்கைப் பிசின், மண், இலைச்சாறு கொண்டு வரைகிறார்கள். நான் இங்கிருந்து இரண்டு பஸ் மாறி, மலை இறங்கி மலை ஏறிப் பார்க்க வந்தேன். நீங்கள் போயிருக்கிறீர்களா?

மூடுபனி_கோத்தகிரி:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. வெள்ளரிக்கொம்பைக்குப் போனதில்லை, வெட்கமாக இருக்கிறது.

சீட்டுகளை எண்ணிப் பார்த்தேன், பிஸ்கட் டின்னில் 214 இருக்கின்றன. அப்பா ஒன்றை எடுத்து, "இவர் கீழ் ஹட்டிக்காரர்தானே, போன வாரம் கழிவுக்குச் சண்டை போட்டாரே?" என்றார். என் வாட்டர்கலரைப் பார்த்து அவர் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை.

ரிசார்ட்டுக்கு என்ன பதில் சொல்ல? ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

இருட்டறை:

பயப்படாதே, நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு தங்கும் விடுதிக்கு ஆறாயிரம் ரூபாய்க்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். அறையில் மாட்டத்தான் என்று வாய்ப்பேச்சு. அடுத்த வருடம் அதே படங்கள் அவர்கள் காலண்டரில், மெனு கார்டில், ரோட்டோர போர்டில். வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவைக் காட்டினார். ஒருவர் சொல்லி, அதற்குப் பிரதிபலன் வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோவோ வரைந்த ஓவியமோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது காப்புரிமை சொன்னவருக்கே போகும். நான் ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. முடிந்தது கதை.

இலவச அறையும் பிரதிபலன்தான் என்று நாளைக்கு அவர்கள் வாதாடலாம். அதனால் புதிதாக 12 வரைந்து தருகிறேன் என்று ஒத்துக்கொள்ளாதே. ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பதில் மூன்றை விலைக்குக் கொடு. அப்போது அவர்கள் வாங்குவது அந்தக் காகிதத்தைத்தான், உரிமை உன்னிடமே இருக்கும். விலை, எந்தச் சுவர், வேறெங்கும் அச்சடிக்கக் கூடாது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கு. முடியாது என்றால் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் குன்னூரில் போய்த் தூங்க வேண்டிய அவசியமில்லை.

214-ஐயும் இந்த மாதமே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிடு. சீட்டுக் காகிதம் மட்டமானது, பழுத்து உதிரும். பின்னால் எடை எழுதிய பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணு, இரண்டும் சேர்ந்ததுதான் படம். விவசாயி பெயர் தெரிகிற இடத்தில் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, ஃபேக்டரியிலும் சொல்லிவிடு. அந்தக் கீழ் ஹட்டிக்காரரிடம் அப்பாவை அனுப்பு, நீ போகாதே.

மூடுபனி_கோத்தகிரி:

அப்பா நேற்றே அவரிடம் காட்டிவிட்டாராம். மீசை சரியில்லை என்கிறாராம். திங்கட்கிழமை இலை கொண்டுவரும்போது உட்கார்ந்து காட்டுகிறாராம்.