புதுப்பிப்பு: ஆஃபா கரை நடை, 12 நாள் இல்லை, 14 நாள்

இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையில் ஆஃபா மன்னன் 8ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்கரையை ஒட்டி, வழிகாட்டி இல்லாமல் 285 கிலோமீட்டர் நடக்க 12 நாள் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது என்றே பலரும் சொன்னீர்கள். சரி, 14 நாளாக்கிவிட்டேன். தெற்கே செப்ஸ்டோவில் தொடங்கி வடக்கே பிரெஸ்டாட்டின் கடற்கரையில் முடிப்பேன்.

என்னை யோசிக்க வைத்தது பாண்டி என்ற ஊரிலிருந்து ஹே-ஆன்-வை வரையான மலைமுகடுதான். சுமார் 28 கிலோமீட்டர், மேலே ஒரு ஊர்கூடக் கிடையாது. வரைபடத்தில் பென்சிலால் தேடியும் தண்ணீருக்கு ஓர் இடம் சிக்கவில்லை. அதனால் அன்றைக்கு மூன்று லிட்டர் சுமப்பேன். மறுநாள் ஹேயில் ஓய்வு. பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஊரில் தங்காமல் போக மனமும் வராது.

அப்புறம், பாதை முழுக்கக் கரைமேல் போவதில்லை. நைட்டன் என்ற ஊருக்கு வடக்கேதான் கரை நெடுக, உயரமாக, மேற்கே பள்ளத்தோடு நிற்கிறது. ஏற்ற இறக்கமும் அங்கே அதிகம். அந்தப் பகுதிக்குக் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். மண்கரை மிதிபட்டுத் தேய்கிறது என்பதால், குறித்த தடத்தைவிட்டு ஏறமாட்டேன். தங்குமிடம் இன்னும் மூன்று இரவுக்குத்தான் பாக்கி.