புதுப்பிப்பு: இரண்டு ஷார்ப் இருந்தால் டி மேஜரா, பி மைனரா?

பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் பாட்டுத்தாளில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு ஷார்ப் குறிகள் (சுரத்தை அரைச் சுரம் உயர்த்தும் ♯ குறிகள்) ஏன் நிற்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது விடை தெளிவாகியிருக்கிறது. கீபோர்டில் டி என்னும் சுரத்தை, அதாவது நம் இரண்டு கட்டைச் சுருதியை, சட்ஜமாக (ஸ) வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் கேட்பது கரகரப்பிரியா ராகம். எஃப், சி இரண்டையும் அடுத்துள்ள கறுப்புக் கட்டைக்கு உயர்த்தினால், காந்தாரமும் நிஷாதமும் மாறி அதே வரிசை சங்கராபரணமாகிவிடுகிறது. அதுவே மேற்கத்திய இசையில் டி மேஜர் எனப்படும் சுர வரிசை. அந்த இரு குறிகளும் இந்த மாற்றத்தைப் பாட்டு முழுவதற்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், ஒவ்வொரு எஃப்புக்கும் சிக்கும் தனித்தனியாகக் குறியிடத் தேவையில்லை. (கடைசி ஷார்ப்புக்கு அரைச் சுரம் மேலே இருப்பதே மேஜரின் பெயர் என்ற குறுக்குவழி வசதியானதுதான், ஆனாலும் காது பழகுவதற்கு முன் அதை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன்.)

இரண்டு ஷார்ப் என்றால் பி மைனர் என்ற இன்னொரு சுர வரிசையாகவும் இருக்கலாமே என்று சிலர் எழுப்பிய ஐயமும் நியாயமானதே. அதற்கும் இதே இரு குறிகள்தாம். பி-யில் தொடங்கினால் நடபைரவி ராகம் கிடைக்கும். பாட்டு பி-யில் வந்து அமர்வதும், இடையே ஏ-க்குத் தனியாக ஷார்ப் இடப்பட்டுக் கீரவாணியின் சாயல் தோன்றுவதும் மைனருக்கு அடையாளம். எங்கள் தாளில் ஏ-க்கு அப்படி எதுவும் இல்லை. பாட்டும் டி-யில்தான் முடிகிறது.