மரக்காட்சியில் திறக்காத கோப்புறை: 'வழிக்கோப்புறை' எனலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

அஞ்சல் செயலியின் தமிழாக்கத்தில், கோப்புறைகளைக் கிளை கிளையாகக் காட்டும் 'மரக்காட்சி', ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் 'உட்கோப்புறை' இரண்டும் புழக்கத்திற்கு வந்துவிட்டன, அப்படியே இருக்கட்டும். இழுபடுவது, மரக்காட்சியில் சாம்பல் நிறத்தில் தெரிந்தும் திறக்காத கோப்புறைக்கான பெயர்தான்.

கோலாப் போன்ற கூட்டுப்பணி வழங்கி கோப்புறைகளை மரமாக அனுப்புவதில்லை. ஐமேப் (வழங்கியில் உள்ள அஞ்சலைச் செயலி அணுகும் நெறிமுறை) வழியே வருவது பெயர்ப்பட்டியல் மட்டுமே: 'பகிர்வு/கந்தோர்/கணக்கு/2024' என்று ஒரு வரி. பிரிக்கும் குறி சாய்கோடா புள்ளியா என்பதையும் வழங்கியே சொல்லிவிடும். அந்தந்த இடத்தில் வெட்டிக் கிளை கிளையாக அடுக்குவது எங்கள் கணினியில் உள்ள செயலியின் வேலை. எனக்கு '2024' மட்டும் பகிரப்பட்டிருந்தால், 'கந்தோர்', 'கணக்கு' இரண்டையும் செயலி தானே வரைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் '2024' நிற்க இடமில்லை. அவற்றைச் சொடுக்கினால் ஒன்றும் திறக்காது. 2003 ஆம் ஆண்டின் ஐமேப் வரையறையிலேயே, தெரிவுசெய்ய முடியாத கோப்புறை என்று காட்ட ஓர் அடையாளம் உண்டு.

இதற்குத் தம்பி ஒருவர் இங்கே சொன்ன 'வெற்றுக் கோப்புறை' என்ற பெயர் எனக்குப் பயமாக இருக்கிறது. சும்மா கிடக்கிறதென்று யாராவது அழிக்கப் பார்ப்பார்கள். 'பூட்டிய கோப்புறை' என்றால் கடவுச்சொல் கேட்டு நிர்வாகிக்கு அஞ்சல் போகும். சில வேளை அங்கே பூட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது, பெயர் மட்டுந்தான்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு 'வழி வாய்க்கால்' உரித்தும் எழுதுவார்கள். பின்காணிக்காரர் முன்காணியால் நடந்து போகலாம். அந்தக் காணியில் அவருக்கு வேறு உரித்தில்லை. இந்தக் கோப்புறையும் அதுவேதான். ஆகவே 'வழிக்கோப்புறை' என்று வைப்போம். 'வழி' என்றால் கோப்பின் முகவரியோடு குழம்பாதா என்று அக்கா ஒருவர் கேட்டார். குழம்பாது: அந்த முகவரிக்குப் 'பாதை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. சுட்டியை மேலே வைத்தால் 'இது வழிக்கோப்புறை. உள்ளிருக்கும் கோப்புறைகளை மட்டும் திறக்கலாம்' என்று ஒரு வரி காட்டினால் போதும்.

அப்புறம், கிளையை மூடுவதற்குச் 'சுருக்கு' வேண்டாம். அஞ்சல் செயலிகளில் அதே வலச்சொடுக்குப் பட்டியலில், அழித்த அஞ்சல்களை நிரந்தரமாக நீக்கி இடத்தை மீட்கும் கட்டளையும் இருக்கும். அதையும் 'சுருக்கு' என்றே சிலர் எழுதுகிறார்கள். ஒன்று காட்சியை மாற்றுவது, மற்றது தரவையே தொடுவது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஆபத்து. கிளைக்கு 'விரி', 'மடக்கு' என்று வைப்போம். பாயை விரிப்பதும் குடையை மடக்குவதும் தெரியாதவர் யார்? மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.